நாற்காலியில் முடக்காதீர்!

"வாப்பாவுக்கு இளைப்பு. எங்கேயும் அசைய வேண்டாம். நாற்காலியிலேயே இருக்கட்டும்!"

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே! பாசத்தோடு நாம் செய்யும் இந்த உபசாரம்தான் அவரை முடக்குகிறது என்பதை என்றைக்காவது சிந்தித்தோமா?

பீடி, சிகரெட் புகையாலும் விறகடுப்புப் புகையாலும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், 2016-ல் இந்தியாவில் சுமார் ஐந்தரைக் கோடிப் பேரைப் பிடித்திருந்தது. கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. உண்மைதான்! ஆனால் நோயாளியை வீழ்த்துவது நுரையீரல் மட்டுமா? மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதை நிறுத்துகிறார். நடக்காத காலில் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் கூடுதல் மூச்சைக் கேட்கிறது. மறுபடியும் இளைப்பு! கடைத்தெரு வரை போனவர் வீட்டு வாசலோடு நிற்கிறார். வாசல் வரை வந்தவர் கட்டிலோடு கிடக்கிறார்.

இந்தச் சுழலை உடைப்பதுதான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. மருத்துவர் பரிசோதித்து, 6 நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தை அளக்கிறார். பிறகு 6 முதல் 12 வாரங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், கண்காணிப்பில் நடை, சைக்கிள், கை கால் வலுவுக்கான பயிற்சி. மூக்கால் இழுத்த மூச்சை உதட்டைக் குவித்து மெல்ல விடும் பழக்கம். இன்ஹேலரைச் சரியாக உபயோகிக்கும் முறை. சத்தான உணவு. புகையை விடுவதற்கு உதவி. இது மருந்துக்கு மாற்று அல்ல. மருந்தோடு சேர வேண்டியது.

பலன் உண்டா? 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் காக்ரேன் அமைப்பு தெளிவாகவே சொல்லிவிட்டது. மூச்சுத் திணறல் குறைகிறது. நடக்கும் சக்தி கூடுகிறது. இதை நிரூபிக்க இனிமேல் ஆய்வே தேவையில்லை!

அப்படியிருந்தும் உலகெங்கும் தேவைப்படுவோரில் மிகச் சிலருக்கே இது கிடைக்கிறது. ஐ.சி.யூ.வுக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் பில் போடத் தெரிந்தவர்களுக்கு இது மட்டும் ஏன் நினைவுக்கு வருவதில்லை? ஒரு தாழ்வாரம், சில நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் தொடங்கிவிடலாமே!

வணிகர்களே! கல்லாவுக்கு மேலே சிகரெட்டை அடுக்கி வைத்துவிட்டு, வாப்பாவின் இருமலுக்கு மருந்து தேடி அலைவது என்ன நியாயம்? முதலில் அதை இறக்குங்கள்.

இளைஞர்களே! உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய் இந்தப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மனுக் கொடுங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள். இதற்கிடையில், மருத்துவரின் ஆலோசனையோடு, தினமும் வாப்பாவோடு தெருமுனை வரை நடந்து வாருங்கள்.

நாற்காலி இழுத்துப் போட்டது போதும். தோள் கொடுங்கள்!