பீலியும் முகிற்காடும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் வானம் கழுவி விட்டாற்போலத் தெளிந்திருக்கும். இரவிலே கடுங்குளிர், விடியலிலே புல்நுனியெங்கும் பனி, பகலிலே சுள்ளென்ற வெயில். சில ஆண்டுகளிற் கிழமைக்கணக்காக மழையே இராது. ஆயினும் லயத்துக்கு மேலேயுள்ள பீலியில் நீர் விழுந்துகொண்டேயிருக்கும். கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்கள் அங்கே முகங் கழுவிக் குடத்தை நிரப்புவர். குளிருக்கு அஞ்சிய பிள்ளைகள் குளிக்க மறுத்து ஓடுவர்.

மழையில்லாத நாளில் இந்நீர் எங்கிருந்து வருகின்றது? மாணவரைக் கேட்டால், "மலையிலிருந்து" என்பர். சரியான விடைதான், ஆனால் அது பாதி விடை. மலைமுடியிலே நிற்கும் காடுதான் நீரைச் சேர்த்து வைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கின்றது. அக்காடு ஏன் அங்கே நிற்கின்றது, இனியும் நிற்குமா என்பதையே இக்கிழமை சிந்திக்கப் புகுகின்றோம்.

ஓரிடத்தில் எத்தகைய மரஞ்செடிகள் வளரும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு பொருள்களே முடிவு செய்கின்றன. ஒன்று வெப்பம், மற்றொன்று மழை. இரண்டும் மிகுந்த அமேசன் வடிநிலத்திலே வானளாவிய மழைக்காடு. வெப்பம் மிகுந்து மழை அருகிய சகாராவிலே பாலைவனம். இடைப்பட்ட ஆபிரிக்க வெளிகளிலே புல்லும் இடையிடையே மரமும். குளிர் மிகுந்த சைபீரியாவிலே ஊசியிலைக் காடு; அதற்கும் வடக்கே மரமே நில்லாது பாசியும் குறும்பூண்டும் படர்ந்த உறைநிலம். இவ்வாறு ஒரே வகைக் காலநிலைக்கு இசைந்து, தாவரமும் விலங்கும் கூடிவாழும் பெரும்பரப்பை அறிஞர் 'பயோம்' என்பர். நாம் உயிரின வலயம் எனலாம்.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்துக்குத் தாவரத்தின் பெயரையே சூட்டியவர் நம் முன்னோர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் வளங்குன்றிய நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் உணர்த்துகின்றது. காலநிலை மாறினால் நிலத்தின் இயல்பே மாறும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

இனி நம் மலைக்கு வருவோம். ஏறத்தாழ 500 அடி உயர்ந்தால் வெப்பம் 1 பாகை சென்றிகிறேட் குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 27 பாகையாக இருக்க, 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது சுமார் 16 பாகையே. ஆதலால் மலையேறுவோர் சில மணி நேரத்திலே பல வலயங்களைக் கடக்கின்றனர். கித்துல்கலையில் நெடிதுயர்ந்த தாழ்நில மழைக்காட்டைக் காண்கின்றோம். அங்கிருந்து அட்டன் வழியாகப் பொகவந்தலாவைக்கு வந்து, தேயிலைக்கு மேலுள்ள முகட்டை அடைந்தால், ஆளிரண்டு உயரமே உள்ள கோணல் மரங்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன.

உயரம் வெப்பத்தைக் குறைப்பதுபோலக் காற்று மழையைப் பங்கிடுகின்றது. வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையின் மேற்குச் சாய்விலே மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகின்றது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழைவீழ்ச்சி உண்டு. மலையைத் தாண்டும்போது அக்காற்று ஈரத்தை இழந்து, ஊவாவின் பக்கம் வறண்டு இறங்குகின்றது. மேற்கே மழையாகப் பொழிந்த காற்றையே மட்டக்களப்பார் கச்சான் என்று பெயரிட்டு, அதன் வெம்மைக்கு அஞ்சுகின்றனர். வெலிமடைப் பக்கத்தில் மரஞ்செறிந்த காட்டுக்குப் பதிலாகப் புல்வெளி விரிவதும் இவ்வறட்சியோடு தொடர்புடையதே. அங்கே தீயும் தன் பங்கைச் செய்துள்ளது. அப்புல்வெளியே பத்தனை. அக்கரப்பத்தனை என்னும் ஊர்ப்பெயரிலும் இச்சொல் ஒளிந்திருக்கின்றது. பொகவந்தலாவைக்கும் அம்பாந்தோட்டையின் முட்புதர்க் காட்டுக்கும் இடையே நேர்தூரம் 60 மைலுக்கும் குறைவு. அத்தூரத்துக்குள் எத்தனை உலகங்கள்!

இவற்றுள் நம் பீலியோடு உறவுடையது முகிற்காடு. ஏறத்தாழ 5,000 அடிக்கு மேல், ஆண்டின் பெரும்பகுதியில் முகில் தரையிலே தவழும் இடங்களில் இக்காடு அமைந்துள்ளது. இங்குள்ள மரங்களின் இலை சிறியது, தடித்தது; கிளையெங்கும் பாசி தொங்கும். காற்றோடு செல்லும் மூடுபனி இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகித் தரையிற் சொட்டுகின்றது. மழைமானியிற் பதிவாகாத மழை இது. கீழே, பஞ்சுபோன்ற இலைமட்கு அதனை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற நாளிலும் ஊற்றாகக் கசிய விடுகின்றது. எனவே காலநிலை காட்டை ஆக்குகின்றது என்று கூறி நிறுத்துதல் தகாது. அக்காலநிலை தந்த நீரை நமக்குக் காத்துத் தருவது காடு.

இக்காடு தப்பிப் பிழைத்ததும் ஒரு வரலாறு. கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றத் தொடங்க, பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த சேர் யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு 1873இல் அறிவுரை கூறினார். அரசும் அவ்வாறே ஆணையிட்டது. அக்கோட்டுக்கு மேலும் தேயிலை ஏறியிருப்பதை நாம் அறிவோம். ஆயினும் சிவனொளிபாதமலைத் தொடரிலும் ஹோட்டன் சமவெளியிலும் பெருங்காடு எஞ்சியது. 2010இல் இவை இரண்டும் நக்கிள்ஸ் காட்டோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன.

எஞ்சியது என்றென்றும் நிலைக்குமா? ஹோட்டன் சமவெளியின் சேற்றுநிலத்தில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தை ஆராய்ந்தோர், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பருவக்காற்றுத் தளர்ந்து அங்கே வறட்சி நிலவியதையும், பிற்காலத்தில் மழை வலுக்கக் காடு பரந்ததையும் கண்டறிந்துள்ளனர். ஆகவே மாற்றம் புதியதன்று. அதன் வேகமே புதியது. புவி 1 பாகை வெப்பமடைந்தால், முன்னிருந்த குளிரை நாடி ஒரு காடு 500 அடி மேலே செல்ல வேண்டும். ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அதனருகே உயர்ந்து நிற்கும் கிரிகல்பொத்தை மலைக்கோ 7,800 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமே உண்டு. மரம் நடக்க வல்லதாயினும், இரண்டு பாகை வெப்பம் கூடினால் நடந்து சேர இடமில்லை! சமநிலத்துக் காட்டுக்கு வடக்கும் தெற்கும் உண்டு. மலைமுடிக் காட்டுக்கு மேலே வானந்தான் உண்டு. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போவதைச் சில பத்தாண்டுகளாக ஆய்வாளர் கவலையோடு நோக்கி வருகின்றனர். அதற்கு இன்னதே காரணம் என ஒன்றை மட்டும் அவர்கள் அறுதியிடவில்லை.

இதனைப் படிப்போர், "உலக வெப்பத்தைத் தோட்டத்து மக்கள் என்ன செய்ய இயலும்?" எனக் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கும் தாயைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒவ்வொரு தோட்டத்தின் தலைமாட்டிலும், ஓடையின் இரு மருங்கிலும் இன்னும் துண்டு துண்டாகக் காடு நிற்கின்றது. அதனை வெட்டித் தேயிலையோ மரக்கறியோ நட்டால் ஓரிரு ஏக்கர் விளைச்சல் கூடலாம். கீழேயுள்ள நூறு குடும்பங்களின் பீலி மாசியிலே வற்றும். இக்கணக்கை நிருவாகம் போடட்டும், தொழிற்சங்கங்களும் போடட்டும். சம்பளத்தைப் பேசும் மேசையிலே தண்ணீரையும் பேசுதல் தவறாகாது.

பீலியில் விழும் நீர் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. கெகல்கமு ஓயாவிற் கலந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, மின்சாரம் தந்து, களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீராகின்றது. தலைநகரத்தார் குழாயைத் திறக்கும்போது இம்மலையை நினைப்பதில்லை. குடத்தோடு பீலியடியில் நிற்கும் நாமாவது அண்ணாந்து அந்த முகிற்காட்டை ஒருமுறை பார்ப்போம். அருகே நிற்கும் பிள்ளைக்கும் காட்டுவோம்.