ரேட்பீர் தளம் மூடல்: பீருக்கு மார்க் போடுவது யார்? 'இம்பீரியல் ஸ்டவுட்' மட்டும் எப்பவும் டாப்பில் வந்தது ஏன்?

உலகம் முழுக்க பீர் ரசிகர்கள் மார்க் போட்டு வந்த 'ரேட்பீர்' இணையதளம், 2025 பிப்ரவரி 1-ம் தேதியோடு மூடப்பட்டது. 2000-ல் தொடங்கிய தளம் இது. அதன் டாப் பட்டியலைத் திறந்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரு வகைதான்: இம்பீரியல் ஸ்டவுட். அது ஏன் எப்பவும் முன்வரிசையில் நின்றது? அந்த மார்க்கை எந்த அளவுக்கு நம்பலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

இம்பீரியல் ஸ்டவுட் என்றால் என்ன?

நன்றாக வறுத்த பார்லியில் காய்ச்சும் கறுப்பு பீர். சாதாரண பீரில் ஆல்கஹால் 5% இருந்தால், இதில் 8 முதல் 12% வரை இருக்கும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் சவுத்வார்க்கில் இருந்த ஆங்கர் ஆலையிலிருந்து ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அரசவைக்குப் போன பீர் வகை இது. 'இம்பீரியல்' என்ற அடைமொழி அந்தத் தொடர்பில் வந்ததுதான்.

நடுவர்கள் எப்படி மார்க் போடுறாங்க?

பீர் போட்டிகளில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது 'பி.ஜே.சி.பி' என்ற நடுவர் அமைப்பின் முறை. மொத்தம் 50 மார்க்.

• மணம் - 12: காபி, டார்க் சாக்லேட், உலர்ந்த திராட்சை போன்ற மணம் வரணும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப்பட்டு கெட்டிருக்கு என்று அர்த்தம்.
• தோற்றம் - 3: அடர் பழுப்பு முதல் கறுப்பு வரை.
• சுவை - 20: கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அமுக்கக் கூடாது.
• வாயில் உணரும் தன்மை - 5: கெட்டியாக, வழவழப்பாக இருக்கணும். ஆல்கஹால் இதமான சூடு தரலாம், தொண்டையை எரிக்கக் கூடாது.
• மொத்த அனுபவம் - 10.

ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. அதனால் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில், வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சமாக ஊற்றித்தான் ருசி பார்ப்பாங்க. எந்த கம்பெனி பீர் என்பது நடுவருக்குத் தெரியாது.

முக்கியமான விஷயம், அந்தந்த வகைக்குள்தான் ஒப்பீடு. இட்லி மொறுமொறுப்பாக இல்லை என்று மார்க் குறைக்க முடியாது இல்லையா? இலங்கையின் லயன் ஸ்டவுட்டையே எடுத்துக்கலாம். 8.8% ஆல்கஹால், கறுப்பு நிறம். ஆனாலும் பி.ஜே.சி.பி அதை 'டிராபிகல் ஸ்டவுட்' என்ற வேறு வகைக்குத்தான் உதாரணமாகக் காட்டுகிறது. அந்த வகையில் இனிப்பு தூக்கலாக, கருகல் கசப்பு குறைவாக இருக்கணும். அதை இம்பீரியல் வரிசையில் வைத்து மார்க் போட்டால் தோற்றுவிடும். பீர் மோசம் என்பதால் அல்ல, தராசு தப்பு என்பதால்.

ரசிகர் மார்க் எங்கே மாறுது?

ரேட்பீரிலும் ஒரு மதிப்பீட்டுக்கு 50 மார்க்தான். ஆனால் அதில் 20 மார்க் மொத்த அனுபவத்துக்கு. 'அன்டாப்டு' செயலியில் பிரிவே கிடையாது, அதிகபட்சம் 5 ஸ்டார், அவ்வளவுதான். பிராண்டும் விலையும் தெரிந்தே மார்க் போடுறாங்க.

இங்கேதான் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு லாபம். பத்துப் பதினைந்து பீரை வரிசையாக ஒவ்வொரு மடக்கு குடிப்பவருக்கு, அழுத்தமான சுவைதான் ஞாபகத்தில் நிற்கும். மென்மையான லாகர் அந்த வரிசையில் காணாமல் போய்விடும். அடுத்தது, இந்த வகையைத் தேடி வாங்குபவர் ஏற்கெனவே அதன் ரசிகர். வரிசையில் நின்று, அதிக விலை கொடுத்து வாங்கிய பாட்டிலுக்குக் குறைந்த மார்க் போட மனசு வருமா?

தராசு யார் கையில்?

இதைவிடப் பெரிய கேள்வி இது. உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ், சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-ல் வாங்கியது. போர்பன் பீப்பாயில் ஊறவைத்த இம்பீரியல் ஸ்டவுட்டுக்குப் பேர்போன ஆலை அது. அதே ஏபி இன்பெவின் துணை நிறுவனம் 2016-ல் ரேட்பீரில் பங்கு வாங்கியது. விஷயம் வெளியே வந்தது 2017 ஜூனில்தான். உடனே 'டாக்ஃபிஷ் ஹெட்' ஆலையின் நிறுவனர் சாம் கலாஜியோனி, தங்கள் பீர்களைத் தளத்திலிருந்து நீக்கச் சொன்னார். 2019-ல் ரேட்பீர் முழுவதுமே ஏபி இன்பெவ் வசம் போனது.

மார்க்கைத் திருத்தினாங்களா என்பதல்ல இங்கே பிரச்னை. சரக்கு விற்பவரே தராசையும் வாங்கினால், எடை சரியாக இருந்தாலும் வாங்குபவருக்குச் சந்தேகம் வரும். விளம்பரத்துக்குப் பணமில்லாத சின்ன ஆலைகளுக்கு, ரசிகர் மார்க்தான் ஒரே விளம்பரம். அந்த மேடையை மூடும் முடிவும் அவங்க கையில் இல்லை.

போட்டித் தளமான 'பீர் அட்வகேட்', அன்டாப்டை நடத்தும் நெக்ஸ்ட் கிளாஸ் நிறுவனத்தின் கைக்கு 2020-லேயே போய்விட்டது. இப்போ ரேட்பீரும் இல்லை. அதாவது, ரசிகர் மார்க் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கு.

அப்போ எதைப் பார்க்கணும்?

பீர் மட்டுமில்லை, ஓட்டல், சினிமா, செல்போன் என எந்த ரேட்டிங்குக்கும் மூன்று கேள்விகள் போதும். மார்க் போட்டவருக்குப் பெயர் தெரியுமா? எதோடு ஒப்பிட்டுப் போட்டார்? தளத்தின் முதலாளி யார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத 4.5 ஸ்டார், வெறும் எண்தான்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. 10% ஆல்கஹால் கொண்ட 330 மி.லி. ஸ்டவுட் ஒன்று, 5% பீர் இரண்டுக்குச் சமம்.)