சிரிப்பானுக்கு இங்கே என்ன வேலை?

"இது ப்ரொஃபஷனல் குரூப். பொம்மையெல்லாம் போடாதீங்க" என்று அறிவுரை சொல்லும் பெரியவர்களே, ஒரு நிமிஷம்.

சிரிப்பான் பிறந்தது அரட்டை அறையில் இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையின் மின் அறிவிப்புப் பலகையில்! லிஃப்டில் பாதரசம் சிந்தியதாக அடித்த ஜோக்கைச் சிலர் நிஜமென்று நம்பிவிட, "ஜோக்கென்றால் இதைப் போடுங்கள்" என்று 1982 செப்டம்பர் 19 அன்று :-) ஐக் கொடுத்தார் பேராசிரியர் ஸ்காட் ஃபால்மன். குழப்பம் தீர்க்க வந்த குறி அது.

"அதுவே குழப்பம் உண்டாக்குதே?" என்பீர்கள். உண்மைதான். அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்திக்கு, வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் காட்டிய ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலருக்கு வேலையே போனது. 'பார்த்துவிட்டேன்' என்பதுதான் அதன் அர்த்தம், கொண்டாட்டம் இல்லை என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கும் உத்தரவை 2024இல் உறுதி செய்தது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. இழவுச் செய்திக்குக் கட்டைவிரல் அசட்டுத்தனம்தான். 'ஓகே' என்று எழுதியிருந்தாலும் அசட்டுத்தனம்தானே? அதற்காக எழுத்தையே தடை செய்வோமா?

சீனியரின் தப்பைச் சுட்டிக்காட்டும் ஜூனியர், கடைசியில் பயந்துகொண்டே ஒரு :-) வைக்கிறான். அதைப் பிடுங்கிவிட்டால் அவன் கேள்வி திமிராகத் தெரியும். அடுத்த முறை வாயே திறக்கமாட்டான். நஷ்டம் யாருக்கு?

கம்பீரமான இடத்தில் விளையாட்டு முகம் ஆகாதா? எங்க காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கு வாங்க. ராஜசிம்ம பல்லவன் காலத்திலிருந்து, சுமார் 1,300 வருஷமாகப் பூதகணங்கள் அங்கே ஆட்டம் போடுகின்றன. சிவனே கோபித்துக்கொள்ளவில்லை. அட்மினுக்கு மட்டும் ஏன் கோபம்? :-)