கல்லூரிப் பிள்ளையும் கச்சேரி டிக்கெட்டும்

ஈஸ்டர் நெருங்கினால் ஓஹையோ, மிச்சிகன், பென்சில்வேனியாப் பக்கத்து நம்மவர் வீடுகளில் ஒரு சிறு சச்சரவு எழுவது வழக்கம். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978-ல் தொடங்கியது. விடுமுறையில் வைத்தால்தான் உத்தியோகஸ்தர்கள் வரமுடியும் என்பதால் அதை ஈஸ்டரை ஒட்டியே நடத்தி வருகிறார்கள். ஈஸ்டரோ ஒரு வருஷம் மார்ச் கடைசியில் வரும், ஒரு வருஷம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வரும். பின்னால் தள்ளி வந்தால் போயிற்று. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செமஸ்டர் பரீட்சைக்கு மூன்று வாரம்கூட மீதி இராது.

"பாட்டு எங்கே ஓடிப்போகிறது? பரீட்சை முடியட்டும், ரிகார்டில் கேட்டுக்கொள்" என்பாள் தாயார். "அடுத்த வருஷம் அவர் வருகிறாரோ இல்லையோ, யாருக்கம்மா தெரியும்?" என்பாள் பெண். தகப்பனார் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

கர்நாடக சங்கீதப் பிரியை என்றில்லை. மகனுக்குப் பிடித்தவர் சித் ஸ்ரீராமாக இருக்கலாம், டெய்லர் ஸ்விஃப்டாக இருக்கலாம், சச்சரவு ஒன்றுதான். தனக்குப் பிடித்த பாடகருக்கு உறுதுணையாக நிற்கவேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. படிப்பு கெட்டுவிடுமே என்று பெற்றோர் பதறுகிறார்கள். இருவர் சொல்வதும் நியாயந்தான். ஆனால் பிள்ளை செலவழிக்கும் பணமும் பொழுதும் அந்தப் பாடகரிடம் போய்ச் சேருகிறதா என்பதை மட்டும் இரு தரப்பாரும் விசாரிப்பதில்லை.

முதலில் பணம். மாதச் சந்தா கட்டிக் கைபேசியில் பாட்டுக் கேட்கிற மாணவி, தன் சந்தா தான் கேட்கும் வித்துவானுக்குப் போவதாக எண்ணுகிறாள். நடப்பது வேறு. பெரும்பாலும் எல்லோர் சந்தாவும் ஒரே உண்டியலில் விழுகிறது. யார் பாட்டு மொத்தத்தில் எத்தனை முறை ஓடிற்றோ அந்த விகிதத்தில் பங்கு பிரிகிறது. உலகம் முழுவதும் ஓடும் பாட்டோடு ஒரு காம்போஜி ஆலாபனை போட்டி போடவேண்டும். ஆயிரம் முறை ஓடினால் உரிமைக்காரருக்கு மூன்று நான்கு டாலர் சேரும் என்பது பொதுவான மதிப்பு. அதில் கம்பெனியின் பங்கு போகத்தான் பாடகருக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், ஒரு வருஷத்தில் ஆயிரம் முறை ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கும் கிடையாது. இது தெரியாமல், ஒலியை அடக்கிவிட்டு இரவெல்லாம் ஒரே பாட்டை ஓட்டி வைக்கிற பிள்ளைகள் உண்டு. அப்படி ஓட்டியதைக் கண்டுபிடித்துக் கணக்கிலிருந்து கழித்துவிடவும் அந்தக் கம்பெனிகள் வழி வைத்திருக்கின்றன. மின்சாரம்தான் வீண்.

டிக்கெட் கதையும் அப்படியே. 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்டின் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்கத் தொடங்கியபோது கூட்டம் தாங்காமல் விற்பனை குலைந்து, விஷயம் அமெரிக்க செனட் சபை விசாரணை வரை போயிற்று. அப்போது மறுவிற்பனைக்காரர்களிடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். அந்த அதிகப்படிப் பணம் இடையில் நின்று விற்றவனைச் சேர்ந்தது. மேடையில் பாடியவருக்கு அதில் பங்கில்லை. பிள்ளை மூன்று மாதம் நூல்நிலையத்தில் புத்தகம் அடுக்கிச் சேர்த்த சம்பளம், முகம் தெரியாத ஒரு தரகருக்குப் போய்விட்டது.

அடுத்தது பொழுது. இங்குள்ள கல்லூரிகளில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்தில் வகுப்புக்கு ஒரு மணி, வெளியே படிக்கக் குறைந்தது இரண்டு மணி என்பது கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் 45 மணி. இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்த மாணவர் படிப்புக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி வரை வேலை பார்க்கலாம். அதையும் கூட்டினால் 65. நாளொன்றுக்கு எட்டு மணி தூக்கம் என்றால் 56. ஒரு வாரத்துக்கு இருப்பது 168 மணி. மிச்சம் 47. சமையல், துணி துவைப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, ஊருக்குப் போன் பேசுவது எல்லாம் இதற்குள்.

ஆன் ஆர்பரிலிருந்து ஒருநாள் கிளீவ்லாந்து போய் இரண்டு கச்சேரி கேட்டுத் திரும்பினால் பதினான்கு பதினைந்து மணி போய்விடும். தாயார் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் தினம் இரண்டு மணி கைபேசியில் அதே பாடகரின் துணுக்குகளையும், அவரைப் பற்றி மற்றவர் போடும் சண்டைகளையும் பார்த்தால் அதுவும் வாரத்துக்கு 14 மணி ஆகிறது. வருஷத்தில் ஒருநாள் போகும் கிளீவ்லாந்துக்குத்தான் வீட்டில் பஞ்சாயத்து. வாராவாரம் போகும் பதினான்கு மணியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இனி, படிப்பையும் விடாமல் பாட்டுக்கும் உதவியவர்களைப் பார்ப்போம். கிரண் சேத் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் புரூக்ளினில் டாகர் குடும்பத்து வித்துவான்களின் துருபதக் கச்சேரிக்குப் போனார். மனம் அங்கேயே சிக்கிக்கொண்டது. ஆனாலும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஓடவில்லை. பட்டம் வாங்கினார், நாடு திரும்பினார், டில்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். 1977-ல் அங்கேயே ஸ்பிக் மெக்கே என்ற அமைப்பைத் தொடங்கினார். பெரிய வித்துவான்களைக் கல்லூரி கல்லூரியாக அழைத்துப் பாடவும் வாசிக்கவும் வைப்பது அதன் வேலை. ஓடியாடிச் செய்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். ரயிலடிக்குப் போய் வித்துவானை அழைத்து வருவது, ஜமுக்காளம் விரிப்பது, ஒலிபெருக்கி பார்ப்பது எல்லாம் அவர்கள் பாடு. கையில் பணமில்லாத மாணவன் கலைஞனுக்கு என்ன கொடுக்கமுடியும் என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இந்த ஊரில் அதற்கு இன்னும் வசதி அதிகம். வசந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் வித்துவான்கள் பலர் கிளீவ்லாந்தோடு நின்றுவிடுவதில்லை. ஊர் ஊராகச் சென்று பாடுகிறார்கள். கச்சேரியெல்லாம் சனி, ஞாயிறு. திங்கள் முதல் வியாழன் வரை? யாராவது ஒரு ரசிகர் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் வரும்படி கிடையாது. அதே நாட்களில் கல்லூரி அரங்கங்கள் காலியாக இருக்கும். பல கல்லூரிகளில் எல்லா மாணவரிடமும் செமஸ்டர்தோறும் ஒரு நடவடிக்கைக் கட்டணம் வாங்கி, பதிவுசெய்த மாணவர் சங்கங்களுக்கு அதிலிருந்து பணம் ஒதுக்குகிறார்கள். நம் பிள்ளைகளும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்! நாலு பேர் சேர்ந்து மனுப் போட்டால் செவ்வாய்க்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் ஒரு விளக்கக் கச்சேரி வைத்துவிடலாம். வித்துவானுக்குச் சன்மானமும் கிடைக்கும், ராகம் என்றால் என்ன என்று தெரியாத நூறு பேர் கேட்கவும் வாய்ப்புண்டு. மாணவியின் பையிலிருந்து ஒரு சென்ட் போகாது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மனுவை முந்தின செமஸ்டரிலேயே போட்டுவிடுவது நல்லது. மார்ச்சில் விழித்துக்கொண்டால் பணம் தீர்ந்திருக்கும். மற்றொன்று, வித்துவானிடம் நேரே போய் ஏற்பாடு செய்யக்கூடாது. அவர் வந்திருக்கும் விசா, அவரை வரவழைத்தவர் போட்ட மனுவின் பேரில் கிடைத்தது. எந்த நிகழ்ச்சியானாலும் அவர் வழியாகவே நடக்கவேண்டும். ஆசையில் அவசரப்பட்டுச் செய்தால் சங்கடம் வித்துவானுக்குத்தான்.

இன்னொரு வழியும் உண்டு. இது பெற்றோருக்கு இன்னும் பிடிக்கும். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1963-ல் மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதன் கற்பிக்கத் தொடங்கினார். நாட்டியமேதை பாலசரஸ்வதியின் தம்பி அவர். அங்கே சரித்திரமும் இசையும் படித்து 1962-ல் பி.ஏ. வாங்கி, மேலே படித்துக்கொண்டிருந்த ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் அவரிடம் பாடம் கேட்டார். பிறகு சென்னைக்குப் போய் ரங்கநாதனின் தம்பி, புல்லாங்குழல் வித்துவான் டி. விசுவநாதனிடம் பாட்டுக் கற்றார். திருவையாற்று ஆராதனையில் பாடினார். ஊரே அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடியது. பாகவதர் ஆனவர் அத்துடன் படிப்பை மூட்டை கட்டிவிடவில்லை. 1973-ல் வெஸ்லியனிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரனோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியிருந்தார். 1984 டிசம்பரில், நாயோடு தெருவில் நடந்துகொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார். வயது நாற்பத்தைந்து.

அவர் மாணவராக இருந்து செய்த உதவி என்ன? வகுப்பில் பெயர் கொடுத்ததுதான். இரண்டு பேர் மட்டுமே சேரும் பாடத்தைக் கல்லூரி எத்தனை நாள் வைத்திருக்கும்? மாணவர் வந்ததால் வகுப்பு நின்றது. வகுப்பு நின்றதால் வித்துவானுக்குச் சம்பளமும் வீடும் நிலைத்தன. ஹிக்கின்ஸுக்குக் கிரெடிட் கிடைத்தது. 45 மணிக் கணக்குக்குள்ளேயே பாட்டும் அடங்கிவிட்டது. இந்திய இசைக்கு வகுப்பு வைத்திருக்கும் கல்லூரியில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், அவர்கள் பெயர் கொடுக்கவேண்டிய முதல் இடம் அதுதான். கால்குலஸுக்கு அடுத்த பெஞ்சில் மிருதங்கம் இருந்தால் மார்க் குறைந்துவிடாது.

ரசிகருக்கு மட்டுமா இந்தத் தொல்லை? சித் ஸ்ரீராம் கலிபோர்னியா ஃப்ரீமான்டில் வளர்ந்த பிள்ளை. தாயாரிடம் பாட்டுக் கற்று, பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். சஞ்சய் சுப்ரமண்யன் 2015-ல் சங்கீத கலாநிதி ஆனவர். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் பரீட்சை தேறியவர். குவீன் குழுவின் கித்தார்க்காரர் பிரையன் மே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விண்வெளித் தூசியைப் பற்றிய ஆராய்ச்சியை 1974-ல் பாட்டுக்காகப் பாதியில் விட்டார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 2007-ல் அறுபது வயதில், அதே கல்லூரிக்குத் திரும்பி வந்து முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார். விட்டதைப் பிடிக்க எல்லோருக்கும் அத்தனை வருஷமும் வசதியும் வாய்க்காது என்று தாயார் சொன்னால், அதற்குப் பிள்ளை என்ன பதில் சொல்லமுடியும்!

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் ஆராதனை வந்தால், முழு வாரமும் தங்க ஆசைப்படாமல் முன்கூட்டியே இரண்டு கச்சேரியைத் தேர்ந்தெடுத்து, காரில் போகும்போது மற்றவர் ஓட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். கைபேசியின் பதினான்கு மணியில் பாதியை அந்த மூன்று வாரத்துக்கு நிறுத்தி வைத்தாலே போய்வந்த பொழுது திரும்பக் கிடைத்துவிடும். கச்சேரி முடிந்து மேடைக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்த வித்துவானை நமஸ்கரித்தால், ராகத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று பிள்ளை காத்திருக்கும். அவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன படிக்கிறே? பரீட்சை எப்போ?"