கப்பல் இறங்கிய இரவு எங்கே தங்குவது?

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பாகலூர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூரில், ரோஜாத் தோட்டங்களும் தொழிற்சாலைப் பேருந்துகளும் அன்றாடக் காட்சிகள். கடலோ மிகத் தொலைவில் இருப்பது. ஆயினும் அண்மைக் காலத்தில் இவ்வட்டாரத்து முதியோர் சிலருக்குக் கப்பலேறும் ஆசை பிறந்திருக்கிறது. காரணம் நல்லூர்க் கந்தன்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாள்களிலேயே அது நின்றுபோயிற்று. பின்னர் 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் ஓடலாயிற்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுவதும், கடல் அடங்கிய பின் தொடர்வதும் இதன் வழக்கம். போட் மெயிலில் சென்று தனுஷ்கோடியில் கப்பலேறியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, 1964ஆம் ஆண்டுப் புயலோடு போனது மீண்டும் வந்தாற்போன்ற மகிழ்ச்சி. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மறுகரையில் கீரிமலைத் தீர்த்தம், நகுலேசுவரம், மாவிட்டபுரம், நல்லூர் ஆகியவை காத்திருக்கின்றன. காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலால் காங்கேசன்துறை எனப் பெயர் பெற்றதாகச் சொல்வார்கள்.

போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பயணம் திட்டமிடும்போது பலர் எண்ணாமல் விடுவது திரும்பி வந்து இறங்கும் மாலைப்பொழுதைத்தான். கையில் இரண்டு இரவுகளே உள்ளன. ஊர் திரும்புமுன் சோழநாட்டுத் தலங்கள் சிலவற்றையாவது தரிசிக்க வேண்டும். எழுபதைக் கடந்த தம்பதியர் எனின், அவர்கள் எங்கே தங்குவது என்பது சிறிய கேள்வியன்று. இடம் தவறினால் ஒன்று முழங்கால் தோற்கும், அல்லது தரிசனம் தவறும்.

பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூரில் அமர்ந்துகொண்டு, வசதியான விடுதிகள் நிறைய உள்ளன என்பதற்காக வேளாங்கண்ணியில் அறை பதிவு செய்துவிடுவார்கள். தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான் தொலைவு, விடுதிகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்கே மாதா கோயில் திருவிழா நடைபெறும். நல்லூர்ப் பெருவிழாவோ இருபத்தைந்து நாள்கள் நடந்து ஆவணி அமாவாசையில் தீர்த்தத்துடன் நிறைவுறும். 2024இல் அந்த அமாவாசை செப்டம்பர் 2 அன்று வந்தது. நல்லூரில் தீர்த்தம் கண்டு திரும்புவோரும், வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை வருவோரும் ஒரே வாரத்தில் நாகை மாவட்டத்தில் கூடினால் அறைக்கு எங்கே போவது? திதி நகர்வதால் எல்லா ஆண்டும் இப்படி நேராது. எனவே கப்பல் சீட்டு எடுக்குமுன் பஞ்சாங்கத்தையும் ஆங்கில நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நேரே திருவாரூருக்குச் சென்றுவிடலாம் என்பது இன்னொரு கருத்து. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். சாயரட்சை என்றாலே திருவாரூர். அவ்வேளையில் தேவரெல்லாம் தியாகேசர் சந்நிதியில் கூடுவதாக ஐதிகம். ஆனால் கப்பல் பிற்பகலில் காங்கேசன்துறையை விட்டுப் புறப்பட்டு நாகையில் கரை சேரும்போதே மாலையாகிவிடுகிறது. குடியகல்வுச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்து பெட்டியுடன் வெளியே வருவதற்குள் சாயரட்சை முடிந்திருக்கும். கிடைக்காத பூசைக்காக இரவில் ஓடுவானேன்?

உடல்நிலையையும் எண்ண வேண்டும். கப்பலை விட்டு இறங்கிய பின்னும் தரை அசைவது போன்ற உணர்வு சிலருக்குச் சில மணி நேரம் நீடிக்கும். சிலருக்கு ஓரிரு நாள் வரை கூட இருக்கும். காதினுள் உள்ள சமநிலை உறுப்பும் மூளையும் கடலின் ஆட்டத்திற்குப் பழகிவிடுவதால் நேர்வது அது. இளையோர் அதைச் சிரித்துக் கடப்பர். முதியோர் படிக்கட்டில் விழுவர். மேலும், பாகலூரின் குளிர்காற்றில் வாழ்ந்த உடலுக்கு நாகையின் புழுக்கம் கடுமையானது. ஆகவே அன்றிரவு கமலாலயப் படிகளும் வேண்டா, நெடும்பயணமும் வேண்டா.

முதல் இரவுக்கு ஏற்ற ஊர் நாகப்பட்டினமே. துறைமுகத்திலிருந்து சில நிமிடங்களில் ஊருக்குள் வந்துவிடலாம். தரைத்தளத்தில், குளிர்சாதன வசதியும் வெந்நீரும் மேற்கத்தியக் கழிப்பறையும் உள்ள அறையாக முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘மின்தூக்கி உண்டு’ என்ற பதிலை மட்டும் நம்பி மூன்றாம் மாடியை ஏற்பது புத்திசாலித்தனமன்று.

நாகையில் தங்குவதற்கு இதனினும் இனிய காரணம் ஒன்றுண்டு. முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து பெற்று வந்த ஏழு விடங்கர்களுள் ஒருவர் இங்கே காயாரோகணத்தில் சுந்தர விடங்கராக எழுந்தருளியுள்ளார். திருவாரூரில் அசபா நடனம், வேதாரணியத்தில் அம்சபாத நடனம் என ஒவ்வோர் இடத்திலும் பெருமானுக்கு ஒவ்வொரு நடனம். நாகையில் பாராவார தரங்க நடனம், அதாவது கடலலை போன்ற ஆட்டம். கால்களில் இன்னும் அலை ஓயாமல் வருகிற அடியாருக்கு இச்சந்நிதியைவிடப் பொருத்தமானது எது? இங்குள்ள அன்னை நீலாயதாட்சி, முத்துசுவாமி தீட்சிதர் நீலாம்பரியில் பாடிப் பரவியவள். வலையில் அகப்பட்ட மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்த அதிபத்த நாயனாரும் இவ்வூர்ப் பரதவர் குலத்தில் தோன்றியவர்தாம். வைணவ அன்பர்களுக்குத் திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராசப் பெருமாள் இருக்கிறார். இறங்கிய இரவு ஓய்வு, மறுநாள் காலை இவ்விரு கோயில்கள் என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லை.

அறையைக் காலி செய்து, பெட்டிகளை வாடகைக் காரிலேயே வைத்துக்கொண்டு திருவாரூர்ச் சாலையில் புறப்பட்டால் ஐந்து கிலோமீட்டரில் சிக்கல். வேல்நெடுங்கண்ணியிடம் சிங்காரவேலர் வேல் வாங்கும் தலம். சூரசம்ஹாரத்திற்கு முதல்நாள் அத்திருமேனியில் வியர்வை அரும்புவது உலகறிந்தது. மூலவர் வெண்ணெய்ப் பெருமானாகிய நவநீதேசுவரர் கட்டுமலை மேல் இருப்பதால் படியேற வேண்டும். முடியாதோர் கீழிருந்து வணங்குவதில் குறையொன்றுமில்லை. உடன் வருவோர் வற்புறுத்தாதிருப்பதே அவர்கள் செய்யும் தொண்டு.

நண்பகலுக்குள் திருவாரூர் சேர்ந்து, உண்டு உறங்கி எழுந்து, அன்றைய சாயரட்சையை நிதானமாகத் தரிசிக்கலாம். இரண்டாம் இரவை அங்கேயே கழிப்பதற்கு வேறொரு வசதியும் உண்டு. காரைக்காலில் விடியற்காலையில் புறப்பட்டு, நாகை, திருவாரூர், மயிலாடுதுறை, சேலம், தருமபுரி வழியாக ஓசூரைத் தொட்டுப் பெங்களூர் செல்லும் ரயில் இருக்கிறது. நாகையில் தங்கியவர் அதைப் பிடிக்க இன்னும் முன்னதாக எழ வேண்டும்; திருவாரூரில் தங்கியவருக்குச் சற்றுக் கூடுதல் உறக்கம் கிடைக்கும். வந்த வழியே திரும்பும் அலைச்சலும் இல்லை.

பகல் முழுதும் ஓடும் ரயில் அது. கட்டுச்சாதமும் மருந்துப் பெட்டியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். ஓசூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். சந்திரசூடேசுவரரை மலையடிவாரத்திலிருந்தே கைகூப்பிவிட்டுப் பாகலூர் செல்ல, வீட்டார் ஒருவரை வண்டியுடன் நிலையத்திற்கு வரச் சொல்லியிருக்க வேண்டும்.