கொழுந்து வெளுத்தால் யூரியா வேண்டாம்

கேள்வி: ஒரு ஏக்கரில் நிலக்கடலை விதைத்து 35 நாள் ஆகிறது. கொழுந்து இலைகள் மஞ்சளாகி வெளுத்து வருகின்றன. அடி இலைகள் பச்சையாகவே உள்ளன. நிலத்தில் சுக்கான் கல் உண்டு. கடையில் யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சற்றுப் பொறுங்கள், அம்மா. யூரியா மூட்டை வாங்கும் முன் ஒரு கொழுந்து இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு.

இலைதான் பயிரின் அடுப்படி. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத பசுங்கணிகங்கள் உள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் வெயிலின் சக்தியைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியால் வேர் கொண்டுவந்த தண்ணீர் பிளவுபட்டுப் பிராணவாயு வெளியேறுகிறது. பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவைக்கொண்டு சர்க்கரை தயாராகிறது. காயில் சேரும் பருப்பும் எண்ணெயும் இந்தச் சர்க்கரையிலிருந்து வருபவைதான். பச்சையம் குறைந்தால் எவ்வளவு வெயில் அடித்தும் பயனில்லை, காய் திரளாது.

பச்சையம் உண்டாகத் தழைச்சத்தும் வேண்டும், இரும்பும் வேண்டும். தழைச்சத்து குறைந்தால் செடி அடி இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. ஆகவே கொழுந்து முதலில் வெளுக்கும். சுக்கான் நிலத்தில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுதியால் அது கரையாமல் நின்றுவிடும். வேரால் எடுக்க முடியாது.

பணிக்கு வந்த புதிதில் நானும் மஞ்சளைக் கண்டதும் யூரியா என்று சொல்லியிருக்கிறேன். பத்து நாள் கழித்துப் போனபோது செடி தேறவில்லை. அந்த விவசாயியின் பணம்தான் வீணாகியிருந்தது. அன்றிலிருந்து எந்த இலை முதலில் மஞ்சளானது என்று கேட்காமல் உரம் சொல்வதில்லை.

10 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் 50 கிராம் அன்னபேதி உப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்த மாலையில் இலை நனையத் தெளியுங்கள். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். பழுப்பு நிறமாக மாறியதைத் தெளிக்க வேண்டாம். முதலில் இரண்டு பாத்தியில் மட்டும் தெளித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் இலையில் பச்சை திரும்பினால் வயல் முழுவதும் தெளிக்கலாம். புதிதாக வரும் கொழுந்துக்கும் இரும்பு தேவை என்பதால், 10 நாள் இடைவெளியில் மேலும் ஒன்றிரண்டு முறை தெளியுங்கள். வயலில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடுத்த போகத்துக்கு அது வழிகாட்டும்.