தோசைக்கல் ஏன் உடைகிறது?



இரும்புக் கரண்டி கைதவறி விழுந்தால் 'டங்' என்ற சத்தத்தோடு சரி. வார்ப்பிரும்பு தோசைக்கல் விழுந்தால்? இரண்டு துண்டு. 'மட்டமான சரக்கைத் தலையில் கட்டிட்டான்' என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் அவர்மேல் தப்பில்லை.

உடைந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். பளபளப்பே இருக்காது. சொரசொரவென்று, சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் கிராஃபைட்டால் வந்தது. பென்சிலில் எழுதுகிறதே, அதே பொருள்தான்.

வார்ப்பிரும்பில் 3 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும். சாதாரண இரும்புத் தகட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உருகிய இரும்பு அச்சுக்குள் 1,150 டிகிரி செல்சியஸை ஒட்டி உறையும்போது, அவ்வளவு கார்பனுக்கும் உள்ளே இடம் கிடைப்பதில்லை. தனியாகப் பிரிந்து, மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும் மெல்லிய செதில்களாகப் படிந்துவிடுகிறது. தபால்தலைத் தாளில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்களே, அப்படி. அடி விழுந்தால் விரிசல் செதிலுக்குச் செதில் தாவி ஓடிவிடும்.

அதற்காகச் செதிலைக் குறை சொல்ல முடியாது. அதிர்வை வாங்கிக்கொள்வதும் அதுதான். லேத் மெஷினின் அடிப்பகுதியை வார்ப்பிரும்பில் செய்வது வேறு எதற்காக?

அச்சுக்குள் இரும்பு சீக்கிரம் ஆறினால் கதையே மாறிவிடும். கார்பனுக்குப் பிரிய நேரம் கிடைக்காது. இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான பொருளாகிவிடும். உடைத்தால் வெள்ளையாக மின்னும், அரம் வைத்தாலும் ஏறாது. மெல்லிய ஓரங்கள்தான் முதலில் இப்படி ஆகும். பவுண்டரிக்காரர்கள் இதை 'சில்' என்பார்கள். அதைத் தடுக்கத்தான் ஊற்றுவதற்குச் சற்றுமுன் கொஞ்சம் ஃபெரோசிலிக்கானைத் தூவுகிறார்கள். துளி மெக்னீசியம் சேர்த்தாலோ, செதில்கள் குட்டிக் குட்டி உருண்டைகளாகிவிடும். 1948-ல் உலகுக்கு அறிவித்த வித்தை இது. கார்பன் ஏறக்குறைய அதே அளவுதான்; ஆனால் அந்த இரும்பு சட்டென்று உடையாது, வளைந்து கொடுக்கும். கார் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டையே அதில் வார்க்கிறார்கள்! எனக்கு இன்றும் ஆச்சரியம் தீராத விஷயம் இது.

சரி, நம் அடுப்படிக்கு வருவோம். செதில் உள்ள இரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. காய்ந்த கல்லைக் குழாயடியில் காட்டினால் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் சூடு விடாது. இந்த இழுபறியில் கல் விரிசல் விட்டுவிடும். ஆறட்டும், பிறகு கழுவலாமே.

கைப்பிடி உடைந்ததென்று தெருமுனை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பற்றவைத்த இடம் ஒரே நொடியில் கொதித்து, உடனே ஆறிவிடும். சுற்றியுள்ள கனத்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், ஒட்டின் ஓரத்தில் அதே 'சில்' உருவாகிறது. அடுத்த முறை அங்கேதான் விடும், அதுவும் சூடான கல் கையில் இருக்கும்போது. முழுக் கல்லையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடால் பற்றவைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசைப் புதுக் கல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.